மாடியறை விடுதியில் நாலு நாள் சோதனை ஓட்டம்

முதலியார்பேட்டை, புதுச்சேரி.
திங்கட்கிழமை, பட்டறையில் டீ நேரம்.

மதிப்பிற்குரிய சுப்பிரமணியன் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் செம்மல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தங்கை சுடர்விழி, நான் நால்வரும் நலம். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை வயிறு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை. காரைக்காலில் நீங்களும் செல்வாம்பாள் அத்தையும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நலம் விசாரிக்கிற பகுதி இத்துடன் முடிந்தது. விஷயம் நிறைய இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். நேற்று பதினெட்டு நிமிடம் பேசினோம். அதில் என் பங்கு 'மாமா, அது வந்து' என்கிற மூன்று சொல். வாட்ஸப்பில் எழுதினால் படிக்காமலே ரோஜாப்பூ அனுப்புகிறீர்கள். காகிதத்தில்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் பம்ப் டெஸ்ட் ரிப்போர்ட் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம், அது வேறு பம்ப்.

நேற்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். "ஏம்பா செம்மல், பொட்டப்புள்ளய மாடியில வெச்சுப் பூட்டி, சோறு தண்ணி குடுக்காம வெச்சிருக்கீங்களாமே! சனிக்கிழம மத்தியானம் அது தண்ணியத் தொறந்து விட்டுட்டு அரை மணி நேரம் அழுதுச்சாமே! ஊரே பேசுது! இங்கயே தாங்காதது போபால்ல போயி தாங்குமா? வர்ற ஞாயித்துக்கிழம நான் வரேன். அதுவரைக்கும் எவனும் பெட்டி கட்டக் கூடாது." இதுதானே? ஊர் என்று நீங்கள் சொன்னது எங்கள் பக்கத்து வீட்டு அமிர்தவல்லியம்மா. அவருடைய தங்கை உங்கள் தெருவில் இருக்கிறார் என்பது எங்களுக்கும் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு இங்கே நடந்தது, ஞாயிறு காலை காப்பிக்குள் காரைக்கால் வந்துவிட்டது. நம்ம ஊர் பஸ் அவ்வளவு வேகமாக வராது.

நீங்கள் போனை வைத்ததும் அம்மா, கட்டிக்கொண்டிருந்த பையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிட்டார். "எங்க அண்ணன் ஒரு வார்த்த சொல்லாம நான் இதுக்கு மேல ஒரு துணி மடிக்க மாட்டேன்" என்கிறார். அப்பா, "அவங்க அண்ணன் வரட்டும், பேசிக்கலாம்" என்கிறார். ரயில் அடுத்த புதன்கிழமை, சென்னையிலிருந்து. வெள்ளிக்கிழமைக்குள் போபால் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போடாவிட்டால் சீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷம் படித்து வாங்கின சீட்டு. ஆக, ஒரு பெண்ணின் படிப்பு இப்போது உங்கள் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. நான் நேரடியாகப் பேசுகிறவன் என்பது உங்களுக்கே தெரியும். சபையில் என் பத்தாம் வகுப்பு மார்க்கை நீங்கள் கேட்டபோது உங்கள் மார்க்கையும் கேட்டவன். ஆகையால் நடந்ததை அளவோடு எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

சீட் கிடைத்த அன்றே நீங்கள், "அவ தாங்க மாட்டா" என்றீர்கள். தாங்குவாளா மாட்டாளா என்பதற்குக் கருத்து எதற்கு மாமா, அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறையில் எந்தப் பம்ப்பையும் டெஸ்ட் பெட் என்கிற சோதனை மேடையில் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் கேட்டைத் தாண்ட விடமாட்டோம். முதலாளியின் மச்சானே வந்து நல்ல பம்ப் என்று சத்தியம் செய்தாலும் ஏற்றித்தான் பார்ப்போம். நல்ல பம்ப் என்றால் ஓடட்டுமே, என்ன கேடு? அதேபோல சுடர்விழியையும் நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மாடி அறைதான் விடுதி. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை கீழே இறங்கக் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது, பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து. கதவில் விதிகளை ஒட்டினேன். பூட்டு எதுவும் போடவில்லை, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே சரியாக விழாது. சுடர்விழி விதிகளைப் படித்துவிட்டு, "அண்ணா, ஏழாவது விதியும் மூணாவது விதியும் ஒண்ணுதான்" என்றாள். ஆளுக்குக் கவனம் இருக்கிறது என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

வார்டன் வேலைக்கு அப்பாவைப் போட்டேன். மில் ஓடிய காலத்தில் பதினாறு வருஷம் கேட்டில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதியவர். இப்போது கல்யாண மண்டபத்தில் சாவிக்கொத்தோடு இருந்தாலும் அந்தக் கை இன்னும் பதிவேட்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆடி மாசம், மண்டபத்தில் கல்யாணமும் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்கு அம்மாவைத்தான் முதலில் கேட்டேன். விடுதிச் சாப்பாடு மாதிரி வேண்டும், தண்ணியான பருப்பு, காய்ந்த சப்பாத்தி, உருளைக்கிழங்கு என்று விளக்கினேன். அம்மா பருப்பில் நெய் ஊற்றித் தாளித்துக் கொண்டுவந்து, "ஏண்டா, கெட்டுப்போன மாரி சமைக்கணும்னா அதுக்கு வேற ஆளப் பாரு, என் கைக்கு அது வராது" என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். வேறு வழியில்லை, காலை ஐந்தரைக்கு எழுந்து நானே சமைத்தேன். முதல் சப்பாத்தியைத் தட்டில் போட்டபோது சத்தம் கேட்டது. தரம் சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

முடிவுகளைக் கேளுங்கள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் பட்டறையில் இருக்கும்போது பதிவேட்டில் ஒரு விதிமீறலும் இல்லை. 'காலை 8.00 முதல் மாலை 5.45 வரை: மாடியில். இறங்கவில்லை. அமைதி' என்று அப்பா மில் எழுத்தில் எழுதியிருக்கிறார். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. மூன்று நாளில் ஒரு சப்பாத்தி மீதமில்லை. வியாழக்கிழமை மாலை சொல்லாமல் மாடியின் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். அறை இருண்டு நான்காவது நிமிடத்தில் கம்பி சுற்றி, கட்டையைப் போட்டு, விளக்கை எரிய வைத்துவிட்டாள். எங்கள் பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்த ஆளுக்கே ஏழு நிமிடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை இந்திச் சோதனை. பட்டறையில் பீகார்காரர்களோடு பேசி நான் கற்ற இந்தி மொத்தமும் 'முறுக்கு', 'இன்னும் முறுக்கு', 'போதும்', 'டீ வந்தாச்சு' என்பவைதான். அவற்றை வைத்து விடுதி ஆபீஸ்காரர் மாதிரி ஒரு கேள்வியைக் கட்டிக் கேட்டேன். அவள் பதிலுக்கு ஒரு நீளமான வாக்கியம் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. தேர்ச்சி என்று போட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் அப்பாவுக்கு வயிறு கெட்டது. என்ன சாப்பிட்டார் என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. வாசலில் வாங்கின மசால் வடையாக இருக்கும்.

சனிக்கிழமைதான் சிக்கல். பராமரிப்பு வேலை என்று தட்டாஞ்சாவடி முழுக்க கரண்ட் நிறுத்தினார்கள், பட்டறை விடுமுறை. நான் நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். மூன்று நாள் ஒழுங்காக ஓடிய விடுதி நான் பக்கத்திலேயே இருந்த அன்றைக்கு ஏன் கோளாறாக வேண்டும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா காலை ஒன்பதுக்குத் துணிக்கூடையோடு மொட்டைமாடிக்குப் போனார். பத்தரைக்கு மறுபடி போனார். பதினொன்றே காலுக்கு மூன்றாம் தடவை. நம்ம வீட்டில் அவ்வளவு துணி கிடையாது மாமா. மூன்றாம் கூடையில் இருந்தது காலையில் காய்ந்து மடித்து வைத்த போர்வை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எங்க போற தையலு?"

"துணி காயப்போட."

"காலையில போட்டியே."

"அது வேற துணி."

"கூடையத் தொற."

"நான் உன் பொண்டாட்டியா, மில்லுல நூல் திருடுற ஆளா?"

"கேட்டுன்னா கேட்டுதான். தொற."

போர்வைக்கு நடுவில் எவர்சில்வர் கிண்ணம், உள்ளே நெத்திலி வறுவல். அப்பா அதில் நாலு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சாம்பிள் எடுத்தாச்சு, போ" என்று அனுப்பிவிட்டு நோட்டில், 'தையல்நாயகி, 11.15, போர்வை 1, நெத்திலி 1 கிண்ணம், சோதிக்கப்பட்டது' என்று எழுதினார். இப்படி ஒரு கேட் கீப்பர் இருந்ததால்தான் மில்லில் நூல் குறைந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை. சோறு தண்ணி கொடுக்கவில்லை என்ற புகாருக்கு இதுவே பதில். அன்றைக்கு அவள் என் சப்பாத்தியைத் தொடவே இல்லை.

இப்போது அழுகைக்கு வருகிறேன், இதுதானே உங்களுக்கு முக்கியம். அமிர்தவல்லியம்மா அழுகைச் சத்தம் கேட்டது உண்மை. அழுதது சுடர்விழி இல்லை, மோட்டர். எங்கள் தண்ணீர் மோட்டர் இருப்பது கொல்லையில், மாடி அறை ஜன்னலுக்கு நேர் கீழே, அந்தம்மா வீட்டு மதிலை ஒட்டி. பேரிங் காய்ந்துபோனால் மோட்டர் மனுஷன் மாதிரியே முனகும், இழுத்து இழுத்து. இது பம்ப் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, டேங்க் நிறைந்ததும் தானாக நிறுத்துகிற ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு மோட்டரைக் கையால் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து நிமிடம். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் டேங்க் நிறைந்து வழிந்ததைப் பார்க்கவில்லை. அது மதிலைத் தாண்டி அமிர்தவல்லியம்மா காயப்போட்டிருந்த மோர்மிளகாய் முறத்தில் நேராகக் கொட்டியிருக்கிறது. "ஏ பம்பு கம்பெனித் தம்பி! ஊருக்கெல்லாம் பம்பு ஓட்டறியே, ஒன் வீட்டுத் தண்ணி எம்மொளகாயில ஊத்துது பாரு! அங்க யாருடா அழுவுறது?" என்று அவர் கத்தியது பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும். மோட்டர் என்று சொன்னேன். "மோட்டரு மூக்கச் சிந்துமா?" என்று கேட்டார். தொழில் தெரியாதவர்களிடம் விவாதம் செய்வதில்லை என்பதால் உள்ளே வந்துவிட்டேன். இரண்டு கிலோ மிளகாய் வாங்கிக் கொடுத்தாயிற்று. பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தாயிற்று. இனி அந்தச் சத்தம் வராது.

ஆக, சுடர்விழி தாங்குவாள். இது என் கருத்து இல்லை, சோதனை முடிவு. அம்மா தாங்குவாரா என்பதற்குத்தான் தனிச் சோதனை வேண்டும். எனக்கு இதில் சொந்த வருத்தம் எதுவும் கிடையாது. வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் மோட்டர் ஒரு நாளைக்கு ஆறு நிமிடம் குறைவாக ஓடும், அவ்வளவுதான். அப்பா கூடப் போய் விட்டுவிட்டு வருவார். நான் சென்னை வரைக்கும் பெட்டி தூக்கப் போகிறேன், வேறு காரணம் இல்லை.

பெட்டி என்றதும் ஞாபகம். அத்தையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தபோது கப்பலில் கொண்டுபோன இரும்புப் பெட்டியைப் போன மாதம் அனுப்பியிருந்தீர்கள். அன்புக்கு நன்றி. பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், காலிப் பெட்டியே பதினாலு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு போகிறவள் படிக்கப் போகவில்லை, நாடு பிடிக்கப் போகிறாள். அதில் இப்போது அம்மா அரிசி வைத்திருக்கிறார். சக்கரம் வைத்த சாதாரணப் பெட்டிதான் போபால் போகும். அதிலும் அம்மா கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு அடியில் ஒளித்து வைத்தார், நான் எடுத்தேன், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தேன். ரயில் பெட்டியில் மற்ற எழுபது பேரும் மனிதர்கள்தானே. அவள் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. தேவையில்லை. அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வாரம் ஒருமுறை காற்று நான் அடித்துக்கொள்கிறேன். டயர் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக.

டீ நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது, மேஸ்திரி பார்க்கிறார். கடைசியாகச் சொல்வது: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாக இருந்தால் 'போய்ட்டு வாம்மா' என்று சொல்லவே வாருங்கள். மறுக்கத்தான் வருகிறீர்கள் என்றால் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுடர்விழியிடமே கொடுத்து, அஞ்சலகத்தில் வரிசையில் நின்று பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லப் போகிறேன். அதுவும் ஒரு சோதனைதான். உங்கள் கையில் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் அதற்கும் ஒரு தேர்ச்சி போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் வணக்கத்தையும், அமிர்தவல்லியம்மாவின் தங்கைக்கு என் கண்டனத்தையும் தெரிவிக்கவும். பெரியவர்கள் நீங்கள் நூறாண்டு திடமாக இருந்து, எங்களை இப்படியே திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களை எதிர்த்துப் பேசினாலும் உங்கள் மேல் மரியாதை உள்ள,
செம்மல்.

பி.கு.: மாமா, இது சுடர்விழி. அஞ்சலகத்து வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லித்தான் அண்ணன் கொடுத்துச்சு, ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். இந்த ரிப்போர்ட்டை நம்ப வேணாம். அண்ணன் வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டினதும் நான் கீழே வந்துடுவேன், அம்மா தட்டு போட்டு வெச்சிருப்பாங்க. சாயங்காலம் அந்த சைலன்சர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மேலே ஓடிடுவேன். அப்பா பதிவேட்டை அஞ்சரைக்கு ஒரே மூச்சில் எழுதிடுவாரு. சனிக்கிழமை அண்ணன் வீட்லயே இருந்துட்டதால்தான் அம்மா போர்வையில் மறைச்சு எடுத்து வர வேண்டியதாப் போச்சு. அண்ணன் சுட்ட சப்பாத்தியை முதல் நாள் ஆட்டுக்குப் போட்டேன், ஆடு மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. "புள்ள அஞ்சரைக்கு எழுந்து செஞ்சது, வீணாக்கக் கூடாது"ன்னு மூணு நாளும் அப்பாதான் சாப்பிட்டாரு. அதுதான் அந்த வயிற்று வலி. பீஸ் போட்டது மட்டும் நெசம். நான் எட்டாவது படிக்கும்போது அண்ணன்தான் சொல்லிக் கொடுத்துச்சு.

மோட்டர் அழவில்லை மாமா. சனிக்கிழமை மத்தியானம், "என் சைக்கிளை யாருக்காவது கொடுத்துடலாமா அண்ணா"ன்னு கேட்டேன். அண்ணன் நேரா கொல்லைக்குப் போயி மோட்டரைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துடுச்சு, சத்தம் வெளியே கேக்காதுன்னு. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். டேங்க் வழியறது தெரிஞ்சும் கூப்பிட மனசு வரல. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

அதனால் நாலு நாள் சோதனையில் ஓடினது நான் இல்லை. நான் தாங்குவேனான்னு எனக்கும் தெரியாது, போனால்தான் தெரியும். போகணும் மாமா. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்க, வந்து அம்மா காதில் விழுற மாதிரி 'போய்ட்டு வா'ன்னு ஒரு தடவை சொல்லுங்க, அவங்க பையைக் கட்டிடுவாங்க. அம்மாவுக்கு அமிர்தவல்லியம்மாவோட மிளகாய்ச் சண்டை இருக்கு, பொழுது போயிடும். ரயில் கிளம்பினதும் அண்ணனைத்தான் ரெண்டு நாள் காரைக்காலுக்குக் கூட்டிட்டுப் போகணும். சும்மா கூப்பிட்டா வராது. உங்க வீட்டு மோட்டர் ரிப்பேர்னு சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி நெசமாவே எதையாவது கழட்டி வெச்சிடுங்க, அண்ணன் ஓட்டிப் பார்க்காம நம்பாது.